கார் நிறுத்த இடமில்லாத வீடு

கவுண்டி என்னும் மாவட்ட நிர்வாகத்தின் அதிகாரி ஆர்லோ பென்ஹாலிகன் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஜூனிப்பர் சந்துக்குள் நுழைந்தபோது அக்டோபர் பாதி கழிந்திருந்தது. மலையில் பனி விழ இன்னும் மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் ஆல்டர் கேப் ஊரில் வாடகை அனுமதிக்கு விண்ணப்பித்திருந்த வீடுகளையெல்லாம் அளந்து முடித்தாக வேண்டும். பனிச்சறுக்கு ஆட வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடு எதுவானாலும், படுக்கையறைக்கு ஒரு கார் வீதம் சொந்த எல்லைக்குள்ளேயே நிறுத்த இடம் இருக்க வேண்டும் என்பது விதி. பனியை வழித்துக் குவிக்கும் இடத்தைக் கார் நிறுத்தும் இடமாகக் கணக்குக் காட்ட முடியாது. நவம்பர் முதல் தேதியிலிருந்து மே முதல் தேதி வரை தெருவில் ஒரு சக்கரம்கூட நிற்கக் கூடாது.

ரோவெனா எச்சார்ட்டின் வீட்டில் அவருக்கு அளக்க வேலையே இருக்கவில்லை. வீடு சந்திலிருந்து முப்பத்தெட்டுப் படி மேலே சரிவில் ஒட்டிக்கொண்டு நின்றது. கீழே பாறையைக் குடைந்து ஒரு ஷெட். அதற்குள் ரோவெனாவின் பழைய வேன். சந்தின் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஓடை.

"மூணு படுக்கையறை, மூணு கார்," என்றார் ஆர்லோ. "உங்ககிட்ட இருக்கறது ஒரு இடம். அதுவும் உங்க வேனுக்கே போயிடுது."

"அப்ப எத்தனைன்னு எழுதுவீங்க?"

"பூஜ்யம்னுதான் எழுதணும், ரோவெனா. வேற என்னத்தை எழுத?"

எழுதினார். வருத்தமாகத் தலையை ஆட்டிவிட்டு, சக்கரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ரோவெனாவுக்கு அப்போது அறுபத்தொரு வயது. இருபத்தாறு வருடம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவள். வழுக்காமலிருக்க டயர்களில் சங்கிலி கட்டி, எதிரே வரும் வண்டியே தெரியாத பனியிலும் பிள்ளைகளைக் கொண்டுவிட்டு, கொண்டுவந்து சேர்த்தவள். கணவன் மார்செல் இரும்புக்கடையில் வேலை பார்த்து, முதுகில் அறுவை சிகிச்சை ஆன பிறகு வீட்டோடு இருந்தான். ஆடு மேய்க்க ஐரோப்பாவின் பாஸ்க் நாட்டிலிருந்து வந்த தாத்தாவின் வழியில் வந்தவன் அவன். வீடு அவனுடைய அப்பா கட்டியது. பிள்ளைகள் வேலை தேடிப் போனதில் மாடியில் மூன்று அறை சும்மா கிடந்தன. போன குளிர்காலத்தில் பனியின் பாரம் தாங்காமல் கூரையின் வடக்கு உத்திரம் விரிசல் விட்டிருந்தது. அதை மாற்ற இருவருடைய ஓய்வூதியமும் போதாது. மாடியை வாடகைக்கு விட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டையே விற்க வேண்டும். விற்றுவிட்டு அடிவாரத்து வெயிலூர்களுக்குப் போனவர்கள் அந்தச் சந்திலேயே நான்கு பேர். ஐந்தாவது ஆளாகப் போக ரோவெனாவுக்கு மனமில்லை.

விதிப் புத்தகம் பதினான்கு பக்கம். கவுண்டி அலுவலகத்திலிருந்து ஒரு பிரதி வாங்கிவந்து, பென்சிலை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். விதிப் புத்தகங்களைப் படிப்பதில் அவளுக்கு அலுப்பே கிடையாது. பேருந்து ஓட்டிய காலத்தில் பள்ளி நிர்வாகத்தைவிட அவளுக்குத்தான் விதிகள் அதிகம் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஒன்பதாம் பக்கத்தில் பென்சில் நின்றது. விருந்தினர் கொண்டுவரும் வாகனங்கள், இருக்கும் இடங்களின் எண்ணிக்கையை மிஞ்சக் கூடாது என்று அங்கே எழுதியிருந்தது. விண்ணப்பதாரர் வேறுவிதமாக நிரூபிக்காதவரை, படுக்கையறைக்கு ஒரு வாகனம் என்று கொள்ளப்படும்.

அந்த இரண்டு வரியையும் மார்செலுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"பூஜ்யம் கார் வந்தா பூஜ்யம் இடம் போதும்ல?" என்று கேட்டாள்.

மார்செல் சூப்பைக் கிண்டிக்கொண்டே திரும்பாமல் பேசினான். "காரில்லாம இந்த மலைக்கு எவன் வருவான்? றெக்கை கட்டிக்கிட்டு வருவானா?"

"ரயில்ல வருவான். தினம் ஒரு ரயில் மேல ஏறி வருது, பாதிக்குப் பாதி காலியா."

மறுநாள் காலை ஆர்லோவின் மேசைமேல் ஒன்பதாம் பக்கத்தை விரித்து வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையும் படித்தார். அந்த வரியை எழுதியதே தான்தான் என்றும், அதற்குள் இப்படி ஒரு அர்த்தம் இருப்பது தனக்கே தெரியாது என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் தீர்மானிக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை. கவுண்டியின் அனுமதிக் குழுவின் முன்னால்தான் வைக்க வேண்டும்.

தீயணைப்பு நிலையத்தின் மாடிக்கூடத்தில் மாத இறுதியில் ஒரு மத்தியானம் குழு கூடியது. ஐந்து உறுப்பினர்கள். விண்ணப்பத்தின் தலைப்பைப் படித்ததுமே ஒருவர் சிரித்துவிட்டார். விருந்தாளிகளைக் கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி மான் வண்டியில் கூட்டி வருவீர்களா என்று கேட்டார். கூடமே சிரித்தது. ரோவெனாவும் சிரித்தாள். பள்ளிப் பிள்ளைகளின் கேலியை இருபத்தாறு வருடம் முதுகில் வாங்கியவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

எதிர்த்துப் பேச எழுந்தது வெண்டல் ஸ்ட்ரவுட். கவுண்டியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறவன். நாற்பது வயதாகியும் அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒன்பது வருடம் அவளுடைய பேருந்தில் போனவன்.

"மிஸஸ் எச்சார்ட் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல," என்று ஆரம்பித்தான். "என்னை ஒருநாள்கூட ரோட்ல விட்டுட்டுப் போனதில்ல. ஆனா வர்றவங்களை எனக்குத் தெரியும். கார் கொண்டுவர மாட்டோம்பாங்க. போய்ப் பாத்தா ரோட்ல நிக்கும், மேல மூணடி பனி மூடிக்கிட்டு. என் வண்டியோட தகடு போய்த் தட்டினப்புறம்தான் அது கார்னே தெரியும்."

போன குளிர்காலத்தில் ரிட்ஜ் சாலையில் ஆம்புலன்ஸ் ஒன்று கார்களைத் தாண்ட முடியாமல் பின்னாலேயே இறங்கிப் போனதைச் சொன்னான். ஜூனிப்பர் சந்தில் மேல்முனையைத் தவிர வேறெங்கும் வண்டியைத் திருப்ப இடமில்லை, ஒரே ஒரு கார் குறுக்கே நின்றாலும் மேலே இருக்கும் ஒன்பது வீடும் அடைபட்டுப் போகும் என்றான். கூடத்தில் பலர் தலையாட்டினார்கள்.

ரோவெனா எழுந்தாள். வெண்டல் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்றாள். அதனால்தான் கார் இல்லாதவர்களுக்கு மட்டும் வீட்டைக் கொடுக்கப் போவதாகவும், ரயிலடியிலிருந்து தானே தன் வேனில் அழைத்து வருவதாகவும் சொன்னாள். காலையில் சறுக்குமலைக்குக் கொண்டுவிடுவதும் மாலையில் திரும்பக் கூட்டி வருவதும், கடைக்குப் போக வேண்டுமானால் அதுவும் தன் பொறுப்பு.

மான் வண்டிக் கேலிக்காரர் மறுபடியும் கேட்டார். "சரின்னு சொல்லிட்டு ஒருத்தன் கார்ல வந்து இறங்கினா என்ன செய்வீங்க?"

"அன்னைக்கே என் பெர்மிட்டைக் கிழிச்சுப் போடுங்க."

பக்கத்தில் இருந்த மார்செல் அவள் கோட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்தான். ஆர்லோ அந்த வாக்கியத்தை ஒரு சொல் மாற்றாமல் நிபந்தனையாக எழுதிக்கொண்டார். மூன்றுக்கு இரண்டு என்று ஒரே ஒரு குளிர்காலத்துக்கு அனுமதி கிடைத்தது.

வாசலில் வெண்டல் காத்திருந்தான். "தினம் ரெண்டு தடவையாவது அந்தச் சந்துல ஏறுவேன், மிஸஸ் எச்சார்ட். கண்ணை மூடிக்கிட்டு ஏற மாட்டேன்."

"மூடாதடா. மூடினா ஓடையில விழுவ."

இணையத்தில் வீட்டைப் பற்றிய விளம்பரத்தின் முதல் வரியே, கார் கொண்டுவராதீர்கள் என்பதுதான். அழகான சன்னல், மலைக் காட்சி, கம்பளிப் போர்வை எல்லாம் அதற்குப் பிறகு. நவம்பர் முழுக்க ஒருவரும் வரவில்லை. மார்செல் காலண்டரைப் பார்த்து, பூஜ்யம் கார், பூஜ்யம் ஆள் என்று முணுமுணுத்தான். ரோவெனா மாடிப் படுக்கைகளை மறுபடி விரித்து வைத்தாள். அவளுக்கும் உள்ளூர உதறல்தான்.

டிசம்பர் இரண்டாம் வாரம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நூலகத்தில் வேலை பார்க்கும் அக்காள் தங்கை இருவர் வந்தார்கள். காரை விற்று ஆறு வருடமாகிறது என்றார்கள். அடுத்து ஒரு தகப்பனும் இரண்டு பையன்களும். அவருக்குக் கண்பார்வை குறைவு, அதனால் ஓட்டுநர் உரிமமே எடுத்ததில்லை. பதினொரு வீடுகளுக்கு எழுதிக் கேட்டாராம். எல்லாரும் முதலில் கேட்டது எத்தனை கார் என்றுதானாம். பையன்கள் முதல்முதலாகப் பனியைக் கையில் அள்ளியபோது அவர் குனிந்து அவர்கள் கைகளைத் தடவிப் பார்த்தார். ரோவெனா முகத்தைத் திருப்பிக்கொண்டு வேனின் கதவைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். கல்லூரி மாணவர்கள், பனியில் வண்டி ஓட்டப் பயந்தவர்கள், ஓட்டி ஓட்டிச் சலித்தவர்கள். வண்டி ஓட்டாத மனிதர்கள் நாட்டில் இத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களை இதுவரை ஒருவரும் மலைக்குக் கூப்பிடவில்லை என்பது ரோவெனாவுக்கே புதுச் செய்தி. புத்தாண்டுக்குள் மார்ச் வரை காலண்டர் நிறைந்துவிட்டது. மார்செலின் ஆட்டிறைச்சிக் குழம்பைப் பற்றி ஊருக்குத் திரும்பிப் போனவர்கள் எழுதினார்கள். வெண்டல் தினமும் சந்தில் ஏறி இறங்கினான். ஷெட்டைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து ஒரு பார்வை பார்ப்பான். கையை மட்டும் ஆட்ட மாட்டான்.

பிப்ரவரியில் நீண்ட விடுமுறை வந்தது. பெரிய புயல் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஃபிரெஸ்னோ நகரத்துப் பரேதஸ் குடும்பம், புருஷன் பெண்டாட்டியும் இரண்டு மகள்களும், முந்தின நாளே ரயிலில் வந்து இறங்கியிருந்தார்கள். வெள்ளி மத்தியானம் அவர்களைச் சறுக்குமலையில் விட்டுவிட்டு ரோவெனா திரும்பினாள். வேனை ஷெட்டுக்குள் விட்டு இறங்கியபோது, பத்தடி மேலே சந்தில் ஒரு சிவப்புக் கார் நிற்பதைப் பார்த்தாள். மேலே இரண்டு விரல் கனத்துக்குப் பனி.

வீட்டுக்குள் மார்செலுக்கு எதிரே ஒரு வாலிபன் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பரேதஸ் அம்மாளின் தம்பி ரூபென். அக்காவைத் திடுக்கிட வைக்கலாம் என்று சொல்லாமல் புறப்பட்டு வந்தவன். வழியில் இரண்டு தடவை வண்டி வழுக்கி ஓடையை எட்டிப் பார்த்துவிட்டு நின்றிருக்கிறது. காரை உடனே எடுங்கள் என்று ரோவெனா சொன்னதும் அவன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டான். கொன்றுபோட்டாலும் அந்த வழியில் மறுபடி ஓட்ட மாட்டேன் என்றான்.

மணி ஒன்றரை. வெண்டல் வருவது இரண்டு மணிக்கு.

மார்செல் அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டான். "உன் வேனைக் கீழ ஊர்ல கொண்டுபோய் நிறுத்திடு. இவன் காரை ஷெட்ல தள்ளிக் கதவைச் சாத்திடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

"ஒரு ராத்திரிதானே, ரோவெனா."

"பூஜ்யம்னு சொல்லித்தான் வாங்கினேன், மார்செல். ஒண்ணை உள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு பூஜ்யம்னு சொல்ல எனக்கு வராது."

ரூபெனின் காரில் டயர் சங்கிலி இருந்தது, பெட்டி பிரிக்காமல். ரோவெனா பனியில் மண்டியிட்டு ஏழு நிமிடத்தில் கட்டி முடித்தாள். அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள், வாயைத் திறக்காமல் இருக்கச் சொன்னாள். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, காரை ரிவர்ஸில் எடுத்தாள். மேலே இன்னும் பனி தள்ளவில்லை, ஏறிப் போய்த் திருப்ப முடியாது; முந்நூறு கெஜம் பின்னாலேயே இறங்க வேண்டும். நடுவில் ஓடையை ஒட்டி ஒரு வளைவு. பனி கண்ணிலும் வாயிலும் விழுந்தது. வலது கையால் திருப்பி, பிரேக்கைத் தொடாமல், வண்டியை அதன் போக்கில் மெல்ல விட்டுக்கொண்டே இறங்கினாள். வளைவில் பின்சக்கரம் ஓடைப் பக்கமாக ஒரு சாண் சறுக்கியது. ரூபென் மாதாவைக் கூப்பிட்டான். ரோவெனா நிறுத்தினாள். ஓர் அடி முன்னால் எடுத்தாள். சங்கிலி பனியைக் கவ்வியது கைக்குத் தெரிந்ததும் மறுபடி பின்னால் விட்டாள். பேருந்து ஓட்டிய காலத்துக்குப் பிறகு அவள் உடம்பு இவ்வளவு விழிப்பாக இருந்ததில்லை. பயமே இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பயத்துக்குமேல் ஒரு குஷி இருந்தது.

சந்தின் வாயில் வெண்டலின் ஆரஞ்சு வண்டி தகட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது. புயலுக்காக அவன் சீக்கிரமே புறப்பட்டிருந்தான். அவள் இறங்கி வந்ததை முழுக்கப் பார்த்திருந்தான். பெரிய சாலைக்கு வந்து காரைத் திருப்பி அவனருகே நிறுத்தினாள். அவன் சன்னலை இறக்கி, எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டான்.

"நாப்பது நிமிஷம். எழுதிக்கோ."

"நான் பாத்தது இந்த நாலு நிமிஷத்தைத்தான். நீங்க சொல்லாட்டி அவ்வளவுதான் எழுதியிருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

அவன் எழுதினான். பிறகு வளைவைக் கையால் காட்டினான். "அந்த வளைவை நான் ரிவர்ஸ்ல எடுத்ததில்ல, மிஸஸ் எச்சார்ட்."

"எடுக்காத. உனக்கு அது தேவைப்படாம பாத்துக்கறேன்."

காரை ரயிலடியின் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, அங்கேயே ஒரு தாளில் நடந்ததை எழுதி, ஆர்லோவின் அலுவலகத்துக்குப் போய் அவர் கையில் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, இது அவசியமா என்று கேட்டார். கிழித்துப் போடச் சொன்னது நான்தானே என்றாள். குழு மே மாதம்தான் கூடும், அதுவரை பெர்மிட் செல்லும் என்று சொல்லி அவர் தாளைக் கோப்பில் வைத்தார்.

அந்தப் புயல் மூன்று நாள் அடித்தது. ஆறடிக்குப் பனி. ரிட்ஜ் சாலையில் வாடகைக்காரர்களின் கார்கள் இரு பக்கமும் புதைந்து, பனி வண்டி போக முடியாமல் ஒன்றரை நாள் வழியே அடைபட்டது. ஜூனிப்பர் சந்தில் வெண்டல் எங்கேயும் நிற்காமல் ஒரே மூச்சில் ஏறி இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை காலை சந்தின் கடைசி வீட்டில், அறிவியல் ஆசிரியை ஹெஸ்டர் குவின்லன் வீட்டுப் புகைபோக்கி தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி பதினொரு நிமிடத்தில் வாசலில் நின்றது. ஒரு சுவர் கருகியதோடு போயிற்று.

மே மாதக் கூட்டத்துக்கு ரோவெனா நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். தோற்கத்தான் போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. தோற்றாலும் தலை நிமிர்ந்து வெளியே வரலாம் என்ற அளவுக்கு மனம் தெளிவாக இருந்தது. ஆர்லோ நிபந்தனையைப் படித்தார். பிறகு அவளுடைய கடிதத்தைப் படித்தார். நிபந்தனை நிபந்தனைதானே என்று ஒரு உறுப்பினர் இழுத்தார்.

வெண்டல் தன் குறிப்பேட்டோடு எழுந்தான். ஜூனிப்பர் சந்தில் இந்தக் குளிர்காலம் முந்நூற்று எழுபத்திரண்டு தடவை ஏறியிருப்பதாகவும், கார் குறுக்கே நின்றதால் தன் வண்டி நின்றது ஒரே ஒரு தடவை, நாலு நிமிடம் என்றும் படித்தான். ரிட்ஜ் சாலையில் அப்படி நின்றது தொண்ணூற்றாறு தடவை. குறிப்பேட்டை மூடினான்.

"போன தடவை இவங்களுக்கு எதிரா பேசினவன் நான்தான். பெர்மிட்டைக் கிழிக்கணும்னா கிழிங்க. ஆனா மூணு கார், நாலு கார்னு இடம் காட்டி வாங்கினவங்க பெர்மிட்டை முதல்ல கிழிச்சிட்டு, கடைசியா இவங்களோடதுக்கு வாங்க."

ஹெஸ்டர் குவின்லன் எழுந்து, தன் வீடு இன்னும் நிற்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மான் வண்டிக் கேலிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பெர்மிட்டைப் புதுப்பிக்க அவரே முன்மொழிந்தார். ஐந்து கையும் உயர்ந்தன. அதோடு, கார் இல்லாத வாடகை வீடு என்று ஒரு தனி வகையையே விதியில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார். ஆர்லோ அதை ஏற்கெனவே எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஓட்டுக்கு விடுமுன் அந்த மூன்று பக்கத்தையும் ரோவெனாவிடம் கொடுத்து, நான் எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லிவிடுங்கள் என்றார். கூடம் மறுபடி சிரித்தது. அவள் பென்சிலை எடுத்து நின்றுகொண்டே இரண்டு இடத்தில் திருத்தினாள். திருத்தத்தோடு விதி நிறைவேறியது.

வெளியே வந்ததும் மார்செல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வாசலில் வெண்டல் தன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான். அவளைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினான், பள்ளிக்கூடப் பையனைப் போல.

அந்தக் கோடையில் கூரைக்குப் புது உத்திரம் போட்டார்கள். அடுத்த குளிர்காலத்தில் பதினொரு வீடுகள் புது வகையில் சேர்ந்தன. படிக்கட்டு வீடுகள், ஓடைக்கரை வீடுகள், ஆர்லோவின் சக்கரம் பூஜ்யம் என்று தள்ளிவைத்தவை. அவற்றுக்கெல்லாம் சேர்த்து மூன்று வேன்கள், நான்கு ஓட்டுநர்கள். நேர அட்டவணை போடுவது ரோவெனா.

ஜனவரியில் ஒருநாள் அவளுடைய போன் அடித்தது. சாக்ரமென்டோவில் பெரிய வக்கீலாம். குடும்பத்தோடு வர வேண்டும், வீட்டைப் பற்றி நண்பர்கள் புகழ்ந்தார்களாம், இரண்டு கார் மட்டும் கொண்டு வருவாராம், அதற்காக வாடகையை இரட்டிப்பாகக் கொடுத்துவிடுவாராம். ரோவெனா அவரை முழுக்கப் பேசி முடிக்க விட்டாள்.

"ரயில் காலைல பத்தே முக்காலுக்கு உங்க ஊர்ல நிக்கும்," என்றாள். "நான் ரெண்டு மணிக்கு ரயிலடியில இருப்பேன். எத்தனை பேருன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் கார் பேச்சை விட்டுவிட்டு, ஏழு பேர் என்றார்.